முதிர்பருவக் குத்துச்சண்டை வீரர்களின் பயிற்சியும் உடலாற்றல் காப்பும்: தென்காசி – குற்றாலம் நிலச்சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

முப்பத்தைந்து வயதைக் கடந்த குத்துச்சண்டை வீரர் ஒருவர் பெரும்போட்டி ஒன்றுக்கு ஆயத்தமாகும்போது தம் உடலாற்றலை எவ்வாறு பேணிக்கொள்கிறார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வயது ஏற ஏற உடலில் நிகழும் மாற்றங்கள், பயிற்சிச் சுமையைப் பங்கிடும் முறை, எடைக் கட்டுப்பாட்டின் ஆபத்து, போட்டியின் சுற்று எண்ணிக்கைக்கேற்ற ஆற்றல் செலவு ஆகியன முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மேன், பெர்னார்ட் ஹாப்கின்ஸ், மேரி கோம் ஆகியோரின் போட்டிகளைச் சான்றாகக் கொண்டு ஆராயப்படுகின்றன. உடல்நலத்துக்கு உகந்த இடமெனத் தமிழ் மக்கள் கருதும் குற்றாலமும் அதனை அடுத்த தென்காசியும் இத்தகைய ஆயத்தத்துக்கு எந்த அளவு துணைசெய்யும் என்பது இறுதிப் பகுதியில் மதிப்பிடப்படுகிறது. முதிர்பருவ வீரருக்குப் பற்றாக்குறையாக இருப்பது பயிற்சியன்று, மீட்சிக்கான காலமே என்பது கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: குத்துச்சண்டை, முதிர்பருவ வீரர், உடலாற்றல், மீட்சி, எடைக்குறைப்பு, தொக்கணம், குற்றாலம், தென்காசி

முன்னுரை

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து சாரலாக இறங்கும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காலம் குற்றாலத்தின் ‘சீசன்’ எனப்படுகிறது. பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, பழைய குற்றாலம் ஆகிய இடங்களில் நீராடினால் உடல் அலுப்பு நீங்கும், பசி எடுக்கும், ஆழ்ந்த உறக்கம் வரும் என்பது தென்மாவட்ட மக்களின் நெடுநாள் பட்டறிவு. எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடுவோரும் அருவிக்கரைகளில் நெடுங்காலமாகத் தொழில் செய்துவந்துள்ளனர். களைத்த உடலை மீட்கும் இடம் என்ற பெயர் குற்றாலத்துக்கு இவ்வாறே அமைந்தது.

களைப்பிலிருந்து மீள்வது விளையாட்டு வீரரின் அன்றாடத் தேவை. குத்துச்சண்டையில், அதிலும் வயது முதிர்ந்த வீரருக்கு, அதுவே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் காரணியாகிவிடுகிறது. இருபத்தைந்து வயதில் ஓர் இரவு உறக்கத்தில் தீர்ந்துபோகும் தசைவலி, நாற்பது வயதில் மூன்று நாள் நீடிக்கிறது. போட்டிக்குக் குறித்த நாளோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. இந்நிலையில் முதிர்ந்த வீரர் எதனைக் கூட்ட வேண்டும், எதனைக் குறைக்க வேண்டும் என்ற வினா எழுகிறது.

தமிழரின் போர்விளையாட்டு மரபு பழமையானது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற செய்தியைப் புறநானூற்றின் 80ஆம் பாடல் பதிவுசெய்கிறது. கையுறை அணிந்து ஆடும் இக்காலக் குத்துச்சண்டை, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் சென்னைக்கு வந்து, வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனப் பரம்பரைகளாக வேரூன்றியது. தென்காசிப் பகுதிக்கு அத்தகைய குத்துச்சண்டை மரபு இல்லை. எனினும் பயிற்சிக்கும் மீட்சிக்கும் உரிய நிலச்சூழல் என்ற வகையில் அது கருதத்தக்கது. முதலில் உடலின் இயல்பையும் வீரர்களின் வரலாற்றையும் கண்டபின் அந்நிலச்சூழலை மதிப்பிடுவதே பொருத்தமான வரிசையாகும்.

வயதும் உடலாற்றலும்

தொழில்முறை ஆடவர் குத்துச்சண்டையில் உலகப் பட்டப் போட்டி 12 சுற்றுகளைக் கொண்டது. சுற்று ஒன்றுக்கு 3 நிமிடம், இடையே 1 நிமிட ஓய்வு. ஒலிம்பிக் முறையில் 3 சுற்றுகள் மட்டுமே. இரண்டிலும் வீரரின் ஆற்றல் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஓரிரு நொடிகளில் தொடுக்கப்படும் குத்துகளுக்குத் தசையில் முன்பே சேர்ந்துள்ள பாஸ்பேட் சேர்மங்கள் உதவுகின்றன. அரை நிமிடம், ஒரு நிமிடம் எனத் தொடரும் கடும் மோதலில் சர்க்கரை, உயிர்வளியின்றிச் சிதைந்து ஆற்றல் தருகிறது. சுற்று முழுவதும் கால்களை இயக்குவதற்கும், ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் ஓய்வு நிமிடத்திலும் உடல் மீள்வதற்கும் உயிர்வளி சார்ந்த ஆற்றலே அடிப்படை. பேச்சுவழக்கில் ‘மூச்சு’ என்றும் ‘தம்’ என்றும் சொல்லப்படுவது பெரும்பாலும் இம்மூன்றாவது ஊற்றின் வலிமையையே குறிக்கிறது.

வயது இவ்வூற்றுகளை ஒரே அளவில் தாக்குவதில்லை. இதயத்தின் உச்சத் துடிப்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்து அதனை மதிப்பிடுவது உடலியலில் பரவலாகக் கையாளப்படும் வாய்பாடு. அதன்படி 25 வயதில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 190ஆக இருக்கும் உச்சத் துடிப்பு, 40 வயதில் 180ஆகிறது. இதனைப் பயிற்சியால் உயர்த்த இயலாது. உடல் பயன்படுத்தக்கூடிய உயர்ந்தபட்ச உயிர்வளியின் அளவு, பயிற்சியற்றோரிடம் முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. தீவிரப் பயிற்சியை விடாது தொடர்வோரிடம் இச்சரிவு ஏறத்தாழப் பாதியாக மட்டுப்படுகிறது. எனவே ‘மூச்சு’ என்பது முதிர்ந்த வீரர் பெருமளவு காத்துக்கொள்ளக்கூடிய செல்வமாகும்.

காத்தற்கு அரியது வேகம். தசையிலுள்ள நார்களுள் விரைந்து சுருங்கும் வகையே வயதால் முதலில் மெலிகிறது. ஆகவே பளுவைத் தூக்கும் வலிமையைக் காட்டிலும், நொடிப்பொழுதில் வலிமையை வெளிப்படுத்தும் திறன் விரைவாகக் குறைகிறது. எதிராளியின் குத்தைக் கண்டு தலையை விலக்கும் எதிர்வினையும் மந்தமாகிறது. தசைநாண்களின் நெகிழ்வு குறைவதால் தோள், முழங்கை, கணுக்கால் ஆகிய இடங்களில் காயம் எளிதில் ஏற்படுகிறது. உண்ட புரதத்தைத் தசையாக மாற்றும் வேலையும் சோர்வுறுகிறது. இவை அனைத்தின் தொகுவிளைவாகக் கடும்பயிற்சி ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே உடல் கேட்கும் கால அளவு நீள்கிறது.

இளம் வீரர் வாரத்தில் ஐந்து நாள் கடுமையாக உழைத்தாலும் மீண்டுவிடுவார். முதிர்ந்த வீரர் அதனையே செய்தால் ஒவ்வொரு பயிற்சியையும் முந்தைய களைப்பின் மீதே தொடங்குகிறார். மேடையேறும் நாளில் அவர் ஆயத்தமாக இருப்பதில்லை; களைத்திருக்கிறார். பயிற்சியை அறியாத பார்வையாளர் இதனை ‘வயதாகிவிட்டது’ என்று கூறுவர். வயதின் பங்கு அதில் உண்டு. ஆயினும் பயிற்சியைத் தவறாகப் பங்கிட்டதன் பங்கும் உண்டு.

அலியும் எடைக்கருவியும்

முகமது அலி 1942 ஜனவரி 17 அன்று பிறந்தவர். 1979இல் ஓய்வை அறிவித்த அவர், 1980இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப்போட்டி ஒன்றில் ஆடினார். தமிழ் இரசிகர்கள் நேரில் கண்ட அலிக்கு அப்போது 38 வயது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸ் நகரில் உலகப் பட்டத்துக்காக லாரி ஹோம்ஸை அவர் எதிர்கொண்டார்.

அவ்வாண்டில் அலியின் எடை 250 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 113 கிலோவுக்கு மேல் சென்றிருந்தது. போட்டிக்கு முன் எடைக்கருவியில் ஏறியபோது அது 217½ பவுண்டாக, ஏறத்தாழ 98.7 கிலோவாகக் குறைந்திருந்தது. 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மேனை வென்றபோது அவர் எடை 216½ பவுண்டு. ஆறாண்டு இடைவெளியில் வேறுபாடு ஒரு பவுண்டு மட்டுமே. நரைத்த முடிக்குச் சாயமேற்றி, இடை மெலிந்து நின்ற அலியைக் கண்டோர் பலர் பழைய அலி திரும்பிவிட்டதாகவே எண்ணினர்.

மேடையில் நிகழ்ந்தது வேறு. முதற்சுற்று முதலே அவரால் குத்த இயலவில்லை. கால்கள் நகரவில்லை. பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்றுநர் ஆஞ்சலோ டன்டி போட்டியை நிறுத்தினார். எடையைக் குறைக்க அலி தைராய்டு மருந்து உட்கொண்டிருந்தார் என்பது பின்னர் வெளியாயிற்று. அம்மருந்து கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை. தசையையும் கரைக்கும், இதயத் துடிப்பை உயர்த்தும், உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் திறனையும் குலைக்கும். குத்துச்சண்டைக்குத் தேவையான மூன்றையும் ஒருங்கே பறிக்கும் மருந்து அது.

எடை என்பது உடலமைப்பின் ஒரு கூட்டுத்தொகை மட்டுமே. அதில் தசை எவ்வளவு, நீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை எடைக்கருவி சொல்வதில்லை. இளமையின் எடையை அடைந்துவிட்டால் இளமையின் ஆற்றலும் திரும்பும் என்ற மயக்கம், முதிர்ந்த வீரர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் பிழையாகும். 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தில் உடல் பருத்துப்போன நாயகன் கடற்கரையில் பயிற்சிபெற்று மேடைக்கு மீள்கிறான். கதைமாந்தன் இளைஞன் ஆதலால் அம்மீட்சி நம்பத்தக்கதாகிறது. அதே மீட்சியை நாற்பதை நெருங்கும் உடலிடம் சில மாதங்களில் எதிர்பார்ப்பது பெரும் இடருக்கு வழிகோலும். 1984இல் அலிக்கு நடுக்குவாத அறிகுறித் தொகுப்பு இருப்பது கண்டறியப்பட்டது. அதனை ஒரு போட்டியோடு மட்டும் முடிச்சிட இயலாதெனினும், ஆயத்தமற்ற முதிர்ந்த தலை வாங்கும் குத்துகளுக்கு விலை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஃபோர்மேனும் ஹாப்கின்ஸும்

அலியிடம் தோற்ற ஜார்ஜ் ஃபோர்மேன் 1977இல் ஓய்வுபெற்று, பத்தாண்டுகளுக்குப் பின் 1987இல் மீண்டும் மேடையேறினார். 1994 நவம்பர் 5 அன்று, 45 வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தி உலகக் கனஎடைப் பட்டத்தை வென்றார். அவர் அலியைப் போல இளமையின் எடையை நாடவில்லை. இளமையில் இருந்ததைவிடக் கணிசமாகக் கூடிய எடையுடனேயே ஆடினார்.

ஃபோர்மேனின் ஆட்டம் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுவதற்கு எடுத்துக்காட்டாகும். இளமையில் எதிராளியைத் துரத்தித் துரத்தி அடித்தவர், முதிர்பருவத்தில் மேடையின் நடுவே சிறு அடிகளாக நகர்ந்தார். கைகளை மார்புக்கு முன் குறுக்காக வைத்துக் காத்துக்கொண்டார். இடக்கை நேர்குத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினார். மூரருக்கு எதிரான போட்டியில் புள்ளிகளில் பின்தங்கியிருந்தபோதும் வலக்கைக்கான தருணம் வரும்வரை காத்திருந்தார். வேகம் குறைந்தாலும் குத்தின் கனம் நெடுங்காலம் நிலைக்கும் என்ற உடலியல் உண்மையைத் தம் ஆட்டமுறையாக்கிக்கொண்டவர் அவர்.

பெர்னார்ட் ஹாப்கின்ஸின் வழி வேறு. அவர் 2011 மே மாதத்தில் 46 வயதில் ஜான் பஸ்காலை வென்று, உலகப் பட்டம் வென்றோருள் மிக மூத்தவரானார். 2013இல் 48 வயதிலும் 2014இல் 49 வயதிலும் மேலும் பட்டப் போட்டிகளில் வென்றார். போட்டி இல்லாத மாதங்களிலும் தம் எடைப்பிரிவுக்கு அண்மையிலேயே உடலை வைத்திருப்பதும், உணவிலும் உறக்கத்திலும் ஒழுங்கு தவறாமையும் அவரது பெயரோடு சேர்த்துப் பேசப்படுவன. இதனால் போட்டிக்கு முந்தைய வாரங்கள் எடையைக் குறைப்பதில் வீணாகாமல் முழுமையாகப் பயிற்சிக்குப் பயன்பட்டன. எதிராளியை நெருங்கிப் பிடித்து ஆட்டத்தின் வேகத்தைத் தாம் விரும்பியவாறு தணிப்பதும் அவர் கையாண்ட உத்தி. அழகற்ற உத்தியென்று சிலர் குறைகூறினாலும், தம் மூச்சுக்கேற்ப ஆட்டத்தை நடத்தும் அறிவு அதில் உள்ளது.

மேரி கோம்: மூன்று சுற்றுகளின் கணக்கு

ஃபோர்மேனும் ஹாப்கின்ஸும் 12 சுற்றுகள் ஆடியவர்கள். பல சுற்றுகளை இழந்தும் மீள்வதற்கு அவர்களுக்குக் காலம் இருந்தது. ஒலிம்பிக் முறையில் ஆடும் முதிர்ந்த வீரருக்கு அவ்வாய்ப்பு இல்லை. இந்தியாவின் மேரி கோம் அதற்குச் சான்று.

2018 நவம்பர் 24 அன்று புதுதில்லியில் 48 கிலோ பிரிவின் இறுதிப்போட்டியில் உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை வென்று ஆறாவது உலகத் தங்கத்தைப் பெற்றபோது அவர் முப்பதுகளின் நடுப்பகுதியைக் கடந்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போலந்தில் நடந்த போட்டியொன்றின்போது, எடை பார்க்க நான்கு மணிநேரமே இருந்த நிலையில் 2 கிலோ கூடுதலாக இருந்ததாகவும், ஒரு மணிநேரம் இடைவிடாது கயிறு தாண்டி அதனைக் குறைத்ததாகவும் அவரே கூறியுள்ளார். அவர் அப்போட்டியில் தங்கம் வென்றார். மனவுறுதிக்கு இது எடுத்துக்காட்டு. பயிற்சிமுறைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாகாது. 50 கிலோ உடலில் 2 கிலோ என்பது 4 விழுக்காடு. உடல் எடையில் 2 விழுக்காட்டளவு நீர் குறைந்தாலே நீடித்து உழைக்கும் திறன் குன்றத் தொடங்குகிறது. தொழில்முறைப் போட்டியில் முதல்நாளே எடை பார்ப்பதால் இழந்த நீரை மீட்க ஓரிரவு கிடைக்கும். ஒலிம்பிக் முறையில் போட்டி நாளின் காலையிலேயே எடை பார்ப்பதால் கிடைப்பவை சில மணிநேரங்களே.

2021 ஜூலை 29 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 51 கிலோ பிரிவில் கொலம்பியாவின் இங்கிரிட் வலென்சியாவிடம் மேரி கோம் 2–3 என்ற நடுவர் கணக்கில் தோற்றார். அப்போது அவருக்கு 38 வயது. அப்போட்டியின் சுற்றுவாரிக் கணக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. முதற்சுற்றை 1–4 என இழந்த அவர், அடுத்த இரு சுற்றுகளையும் 3–2 என வென்றார். நேரம் செல்லச் செல்ல அவர் தளரவில்லை, மாறாக மேம்பட்டார். தோல்வி நேர்ந்தது தொடக்கத்தில்தான்.

முதிர்ந்த வீரரின் ஆயத்தத்தில் பொதுவாகக் கருதப்படுவது இறுதிவரை தாக்குப்பிடிக்கும் ஆற்றல். மூன்று சுற்றுப் போட்டியில் தொடக்கத்திலேயே முழு ஆற்றலுடன் இறங்கும் திறனும் அதே அளவு இன்றியமையாதது. முதிர்ந்த தசை சூடேறவும், மூச்சு உழைப்புக்கேற்ப உயரவும் கூடுதல் நேரம் எடுக்கிறது. ஆகவே மேடையேறுமுன் செய்யும் உடற்சூடேற்றம் நீண்டதாகவும் படிப்படியானதாகவும் இருக்க வேண்டும். இறுதியில் போட்டி வேகத்திலான சில குத்துத்தொடர்களும் அதில் இடம்பெற வேண்டும். ஆற்றலைச் சேமித்து வைப்பது 12 சுற்றுகளில் அறிவுடைமை. மூன்று சுற்றுகளில் அது தோல்விக்கு வழியாகலாம்.

ஆயத்த வாரங்களின் பங்கீடு

தொழில்முறை வீரர்கள் பெரும்போட்டிக்கு முன் 8 முதல் 12 வாரம் வரை பயிற்சி முகாமில் இருப்பது வழக்கம். முதிர்ந்த வீரரின் முகாமை மூன்று கட்டங்களாக விளக்கலாம்.

முதற்கட்டம் அடித்தளம். மிதமான வேக ஓட்டம், நடை, நீச்சல் முதலியவற்றால் மூச்சுத்திறன் உயர்த்தப்படுகிறது. வாரத்துக்கு இருமுறை பளுப்பயிற்சி மூலம் தசை காக்கப்படுகிறது. எடை மெல்லக் குறைக்கப்பட வேண்டிய காலமும் இதுவே. வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறைப்பவருக்குத் தசை இழப்பு குறைவு.

இரண்டாம் கட்டம் போட்டிக்குரிய உழைப்பு. நிழற்சண்டை, குத்துப்பையில் அடித்தல், பயிற்றுநரின் கைத்திண்டில் குத்துதல் ஆகியவை மூன்று நிமிட உழைப்பு, ஒரு நிமிட ஓய்வு என்ற போட்டிக் கணக்கிலேயே நடைபெறுகின்றன. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் மட்டுமே கடும்பயிற்சி. அவற்றுக்கிடையே 48 மணிநேரமேனும் இடைவெளி. இடைநாள்களில் கால்நகர்வு, தற்காப்பு, எதிராளியின் ஆட்டப் பதிவுகளைக் காணுதல் போன்ற இலேசான பணிகள். பயிற்சிச் சண்டை எண்ணிக்கையில் குறைக்கப்பட்டு, நோக்கில் கூர்மையாக்கப்பட வேண்டும். தலையில் படும் ஒவ்வொரு குத்தும் கணக்கில் சேர்கிறது. பயிற்சியில் வாங்கியது, போட்டியில் வாங்கியது என்று மூளை பிரித்துப் பார்ப்பதில்லை.

மூன்றாம் கட்டம் தணிப்பு. இறுதி இரண்டு வாரங்களில் பயிற்சியின் மொத்த அளவை 40 முதல் 60 விழுக்காடு வரை குறைத்து, வேகத்தையும் கடுமையையும் குறைக்காமல் வைத்திருப்பதே சிறந்த பயன் தருகிறது எனத் தணிப்புமுறை குறித்த ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. வாரம் 10 மணிநேரம் பயின்றவர் 4 முதல் 6 மணிநேரமாகக் குறைக்கிறார். அக்குறைந்த நேரத்தில் குத்துகள் முன்போலவே விரைவாக விழுகின்றன. முதிர்ந்த வீரர்கள் பலர் பிழைசெய்வது இக்கட்டத்தில்தான். இளமையை இழந்துவிட்டோமோ என்ற ஐயம் அவர்களை இறுதி வாரத்திலும் உழைக்கத் தூண்டுகிறது. அவ்வுழைப்பால் உடலுக்குச் சேர்வது எதுவுமில்லை; சேர்ந்திருந்ததே கரைகிறது. ஓய்வை ஏற்கும் மனத்துணிவும் பயிற்சியின் ஒரு கூறே.

உணவைப் பொறுத்தவரை, முதியோர் தசைக்கு ஒருவேளைக்குத் தேவைப்படும் புரதம் இளையோருக்குத் தேவையானதைவிடக் கூடுதல். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 0.4 கிராம் என்ற கணக்கில் 60 கிலோ வீரருக்கு ஒருவேளைக்கு 24 கிராம் ஆகிறது. நான்கு முட்டைகளில் ஏறத்தாழ இவ்வளவு புரதம் உண்டு. மீன், கோழி, பால், பயறு வகைகளாலும் இதனை ஈடுசெய்யலாம். நாளொன்றுக்குரியதை ஒரே வேளையில் உண்பதைவிட மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்து உண்பது நன்று.

தென்காசி – குற்றாலச் சூழலின் பயனும் எல்லையும்

மேற்கண்ட தேவைகளோடு பொருத்திப் பார்க்கும்போது, தென்காசி – குற்றாலப் பகுதியின் பயன்கள் சில தெளிவாகின்றன. தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளமான இவ்வழி, சீசன் கூட்டம் எழுமுன் விடியற்காலையில் மிதவேக ஓட்டத்துக்கு ஏற்றது. மலையடிவாரத்தின் ஏற்றப்பாதைகள் மூட்டுகளுக்கு மிகுந்த அதிர்ச்சி தராமல் இதயத்துக்கு உழைப்புத் தருவன. ஏற்றத்தில் விரைந்து நடப்பது, சமதளத்தில் ஓடுவதற்கு இணையான மூச்சுழைப்பைக் குறைந்த தாக்கத்துடன் தருகிறது. முழங்கால் தேய்ந்த வீரருக்கு இது பெருந்துணை. சாரல் காலத்தின் தணிந்த வெப்பம் பயிற்சியின் அளவைக் கூட்டவும் உறக்கத்தை ஆழப்படுத்தவும் உதவும்.

அருவி நீராடலைப் பற்றிய நம்பிக்கையைப் பகுத்துப் பார்க்க வேண்டும். விளையாட்டு மருத்துவத்தில் குளிர்நீர் மூழ்கல் என்பது பொதுவாக 10 முதல் 15 பாகை செல்சியசு வெப்பநிலையில் 10 முதல் 15 நிமிடம் வரை உடலை அமிழ்த்தி வைப்பதாகும். அது தசைவலியைத் தணிக்கிறது. வெப்பமண்டல மலையடிவாரத்து அருவிநீர் அத்தகைய குளிர்நிலையை எட்டுவதில்லை. ஆகவே அருவிக்குளியல் தரும் புத்துணர்ச்சியை நீரின் தாக்கம், தோலின் சிலிர்ப்பு, மனத்தளர்வு ஆகியவற்றின் கூட்டுவிளைவாகக் கொள்வதே பொருந்தும். அதுவும் பயனுடையதே. உண்மையான குளிர்நீர் மூழ்கலுக்கோ ஒரு தீமையும் உண்டு. பளுப்பயிற்சி முடிந்த உடனே தொடர்ந்து அவ்வாறு செய்தால் தசை வளர்ச்சி மட்டுப்படுகிறது. தசையைக் காக்கப் போராடும் முதிர்ந்த வீரர் அதனைத் தணிப்புக் காலத்துக்கு ஒதுக்குவது நலம்.

எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடுதல் சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனப்படும் புறமருத்துவ முறையோடு உறவுடையது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். இக்கால ஆய்வுகளின்படி, உடம்பு பிடித்துவிடுதல் தசைவலியைச் சிறிதளவு குறைக்கிறது, நெகிழ்வைச் சிறிதளவு கூட்டுகிறது. ஓட்டத்தையோ வலிமையையோ நேரடியாக உயர்த்துவதில்லை. வலி குறைந்து உறக்கம் வருவதே முதிர்ந்த வீரருக்கு அது தரும் கொடை. தேர்ச்சியற்றோர் கழுத்தை முறுக்கிச் சொடுக்கெடுப்பதை மட்டும் குத்துச்சண்டை வீரர் அறவே தவிர்க்க வேண்டும்.

எல்லைகளும் உண்டு. முதலாவது உயரம். குற்றாலம் மலைசார்ந்த ஊர் ஆதலால் உயர்நிலப் பயிற்சியின் பயன் கிட்டும் என எண்ணுதல் தவறு. குருதியில் சிவப்பணுக்களைப் பெருக்கும் உயர்நிலத் தங்கல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில்தான் பயன் தருகிறது. குற்றாலமோ கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் அமைந்துள்ளது.

இரண்டாவது வெப்பம். புழுக்கமான சூழலில் உழைக்க உடல் தன்னைப் பழக்கிக்கொள்வதற்கு 10 முதல் 14 நாள் தேவை. அப்பழக்கம் குளிர்ந்த இடத்தில் தங்கினால் சில வாரங்களில் மறைந்துவிடும். சாரலில் பயின்ற வீரர் நேராகச் சென்று சென்னையின் புழுக்கத்தில் மேடையேறினால், தம் மூச்சு எங்கே போயிற்று என்று இரண்டாம் சுற்றிலேயே தேடுவார். முதல் இரு கட்டங்களை இங்கே முடித்து, தணிப்புக் காலத்தைப் போட்டி நடக்கும் ஊரின் தட்பவெப்பத்தில் கழிப்பதே இதற்குத் தீர்வு.

மூன்றாவது ஒழுங்கு. பேரருவிக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் செண்பகாதேவி அருவி போன்ற இடங்கள் வனத்துறைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நீர்வரத்து மிகும் நாள்களில் அருவிகள் மூடப்படும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் உயிரிழந்தமை, மலைநீரின் இயல்பை நினைவூட்டுகிறது. எனவே அருவியை நம்பி நாள்வாரியான பயிற்சித் திட்டம் வகுக்க இயலாது. உணவிலும் கட்டுப்பாடு வேண்டும். அருவிக்குளியல் தூண்டும் பசிக்குப் பிரானூர் பார்டர் புரோட்டாக் கடைகள் அருகிலேயே இருக்கின்றன. எடைப்பிரிவுக்குள் நிற்கவேண்டிய வீரர், சீசனில் கடைகளை நிறைக்கும் மங்குஸ்தான், ரம்புட்டான் முதலிய பழங்களோடு நிறைவடைவது நல்லது.

முடிவுரை

ஒலிம்பிக் முறைக் குத்துச்சண்டையின் பன்னாட்டு விதிகள் முதுநிலை வீரரின் வயதை 19 முதல் 40 வரை வரையறுத்துள்ளன. தொழில்முறையில் அத்தகைய பொதுவான உச்சவரம்பு இல்லாததால், எப்போது நிறுத்துவது என்ற முடிவு வீரரிடமும் பயிற்றுநரிடமும் மருத்துவரிடமும் விடப்படுகிறது. அம்முடிவுக்கு எடையோ, தசையின் தோற்றமோ அளவுகோலாகாது. கடும்பயிற்சிக்குப் பின் எத்தனை நாளில் உடல் மீள்கிறது, பயிற்சிச் சண்டையில் முன்பு விலகிய குத்துகள் இப்போது தலையில் படுகின்றனவா என்னும் இரண்டு வினாக்களே நம்பத்தக்க அளவுகோல்கள்.

அலி எடையை மீட்டார், ஆற்றலை மீட்கவில்லை. ஃபோர்மேன் வேகத்தை விட்டுக்கொடுத்துக் கனத்தைக் காத்தார். ஹாப்கின்ஸ் ஆண்டு முழுவதும் காத்த ஒழுங்கினால் இறுதி வாரங்களின் சுமையைக் குறைத்தார். மேரி கோம் கடைசிச் சுற்றுவரை தளராதிருந்தும் முதற்சுற்றின் விலையைக் கொடுத்தார். இந்நால்வரின் வரலாறும் சேர்ந்து உணர்த்துவது, முதிர்ந்த வீரரின் ஆயத்தம் மீட்சியை மையமாகக் கொண்டு திட்டமிடப்பட வேண்டும் என்பதாகும். அம்மீட்சிக்குக் குற்றாலத்தின் காற்றும் நீரும் ஏற்றப்பாதையும் நல்ல துணைகள். பயிற்சியைப் பங்கிடும் அறிவும் ஓய்வை ஏற்கும் பொறுமையும் வீரரிடம் இருந்தால் மட்டுமே அத்துணை பயன்படும்.